மேப்பிள் மரத்தடியில் ஐந்து ட்ரில்லியம் கிழங்குகள்

2016 ஒக்டோபரில் தபாலில் வந்த பொதியைப் பிரித்தபோது உள்ளே பத்துக் கிழங்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் என் பெருவிரல் அளவு. இஞ்சித் துண்டு போலக் கபில நிறம், ஒரு பக்கம் நீளநீளமாக வேர். சட்டி இல்லை, மண் இல்லை, இலை இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் மரத்தூளுக்குள் கிடந்தன. அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, காய்ஞ்ச இஞ்சியோ?" என்று கேட்டார்.

அந்தப் பத்தில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அது ஏன் என்று விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் மே மாதம் வெள்ளை ட்ரில்லியம் பூக்கிறது. யாராவது இதை நட நினைத்தால் நான் பட்டதை அவர்களும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பூவைத் தெரியாமல் இருக்காது. 1937 இலிருந்து இதுதான் மாகாணத்தின் மலர். அரசாங்கக் கடிதங்களின் மூலையில் வரும் மூவிதழ்ச் சின்னம் இதுதான். மூன்று இலை, மூன்று பச்சைப் புல்லிதழ், மூன்று வெள்ளை இதழ், அவ்வளவுதான் செடி. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு மே மாதம் ரூஜ் பள்ளத்தாக்கில் நடக்கப் போனேன். இலை விரியாத மரங்களுக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பனி முழுதாகக் கரையவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொந்தமாக ஒரு வீடும் ஒரு துண்டு வளவும் கிடைத்தபோது முதலில் நட ஆசைப்பட்டது இதைத்தான்.

ஆசை இருந்தது, விபரம் இல்லை. "நிழலில் வளரும் செடி" என்று பொதியில் எழுதியிருந்தது. எங்கள் வளவில் ஆக இருட்டான இடம் எது என்று தேடி, வீட்டின் வடக்குச் சுவரோரம், ஒரு பெரிய ஸ்புரூஸ் மரத்தின் கீழே நட்டேன். அங்கே புல்லுக்கூட முளைப்பதில்லை. நிழல் விரும்பும் செடிக்கு அதுதான் நல்ல இடம் என்று நம்பினேன்.

அதுதான் முதல் பிழை. ட்ரில்லியம் விரும்புவது கோடை நிழலை. வசந்தத்தில் அதற்கு வெயில் வேண்டும். மேப்பிள், பீச் போன்ற மரங்கள் ஏப்ரலில் மொட்டையாக நிற்கும். அந்த நேரம் வெயில் நேரே காட்டுத் தரையில் விழும். மரத்தில் இலை விரிந்து மூடுவதற்கு முன் கிடைக்கும் அந்த நாலைந்து வாரத்துக்குள் இந்தச் செடி மண்ணைப் பிளந்து வந்து, இலை விரித்து, பூத்துவிட வேண்டும். அடுத்த வருடத்துக்கான சாப்பாட்டில் பெரும்பகுதியையும் அப்போதே கிழங்கில் சேர்த்துவிடும். அதன் பிறகு நிழல் வந்தால் சந்தோஷம். ஸ்புரூஸ் மரம் இலை உதிர்ப்பதில்லை, அதனால் அதன் கீழே பன்னிரண்டு மாதமும் ஒரே இருட்டு. சுவரின் வடக்குப் பக்கமும் அப்படித்தான்.

ஆகவே இடம் பார்க்கிறவர்கள் கோடையில் பார்க்காதீர்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு மத்தியானம் வளவில் இறங்கி, தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதே இடம் ஜூனில் நிழலாக இருந்தால் அதுதான் உங்கள் இடம்.

இலை உதிர்க்கும் மரம் என்றாலும் எல்லா மேப்பிளும் ஒன்றல்ல. ரொறன்ரோ தெருக்களில் நிறைய நிற்பது நோர்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதன் நிழல் மிக அடர்த்தி, வேர் மேல்மண்ணில் பாய் விரித்ததுபோலப் பின்னிக் கிடக்கும். இலைக் காம்பை ஒடித்தால் பால் வடியும். அந்த ஒரு அடையாளம் போதும். அதன் கீழே நட வேண்டாம். எங்கள் பின்வளவின் கடைசியில் ஒரு சுகர் மேப்பிள் நின்றது எங்கள் அதிர்ஷ்டம். ட்ரில்லியம் காட்டில் வளர்வதே பெரும்பாலும் அந்த மரத்தோடுதான்.

இனி இரண்டாவது பிழை. இதைச் சொல்லத்தான் எனக்கு மனம் கனக்கிறது.

2017 மே. ரூஜில் பூத்துவிட்டது, எங்கள் வளவில் அசைவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு சின்ன முள்ளுக்கரண்டியோடு போய்க் கிண்டினேன். ஏழு கிழங்கு கூழாகி நாறிக் கிடந்தது. மற்ற மூன்றும் கெட்டியாக இருந்தன. எட்டாவதைத் தோண்டும்போது கரண்டியில் ஏதோ மெதுவாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக, பேனை நுனிபோல ஒரு முகை, முறிந்து கையோடு வந்திருந்தது. உயிரோடு இருந்த கிழங்கை நானே முடித்திருந்தேன்.

அம்மா பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட கார்த்திகைப் பூக் கிழங்கும் உப்பிடித்தான் பிள்ளை. நுனி முறிஞ்சால் முடிஞ்சுது. ஏன் கிண்டிக் கிண்டிப் பாக்கிறாய்? உயிர் இருந்தால் அது தன்ர பாட்டில வரும்."

ஊரில் எங்கள் வேலியோரம் கார்த்திகைப் பூ நின்றது. மாரி மழைக்கு முளைத்து, வேலியில் ஏறிப் பூத்து, பிறகு காய்ந்து, இருந்த இடமே தெரியாமல் போகும். கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். வேலி அடைக்கும்போது அலவாங்கு பட்டு நுனி உடைந்தால் அந்த வருடம் கொடி இல்லை. அம்மாவுக்கு ட்ரில்லியம் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் நிலத்துக்குள் ஒளிந்து வாழும் செடியின் குணம் தெரிந்திருந்தது. பிறகு வாசித்தபோது கார்த்திகைப் பூவும் ட்ரில்லியமும் தாவரவியலில் ஒரே வரிசைக்குள், அல்லி வரிசைக்குள், வருகின்றன என்று அறிந்தேன். அம்மாவிடம் சொன்னேன். "பாத்தியோ" என்றார்.

சட்டியில்லாமல் வந்த கிழங்கு, நட்ட முதல் வசந்தத்தில் மேலே வராமலே இருக்கலாம். அறுந்த வேரைச் சரிசெய்துகொண்டு ஒரு வருடம் முழுக்க மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு அதற்கு அடுத்த வருடம் வரும். முதல் வருடம் வந்தாலும் சில வேளை மூன்று இலையோடு நின்றுவிடும். அதனால் நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, இரண்டு வசந்தம் வரை கை வைக்காதீர்கள். நான் கிளறிவிட்ட மற்ற இரண்டும் 2018 இலும் வரவில்லை. இருட்டு கொன்றதா, நான் கொன்றேனா என்று இனித் தெரியப்போவதில்லை.

அந்த அழுகிய கிழங்குகளில் ஒன்றைக் கழுவிப் பார்த்திருந்தேன். உடம்பு முழுக்க இறுக்கிக் கட்டியதுபோல வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு வருட வளர்ச்சியும் கிழங்கில் அப்படி ஒரு சுருக்கத்தை விட்டுச் செல்லும், அதை எண்ணி வயதைக் கணிக்கலாம் என்று பிறகுதான் படித்தேன். பழைய முனை காலப்போக்கில் மக்கிப் போவதால் எண்ணிக்கை உண்மையான வயதைவிடக் குறைவாகத்தான் வரும். நான் எண்ணியது பதினான்கு.

பதினான்கு வருடக் கிழங்கை அவ்வளவு மலிவாக எப்படி விற்க முடிந்தது? விதையிலிருந்து ட்ரில்லியம் பூக்க ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு காலம் ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தால் அந்த விலைக்குக் கட்டாது. மலிவாகச் சந்தைக்கு வரும் காட்டுப்பூக் கிழங்குகளில் நிறைய, காட்டில் தோண்டி எடுத்தவை. ஒரு காட்டின் பதினான்கு வருடத்தைப் பிடுங்கி வந்து நான் என் ஸ்புரூஸ் மரத்தடியில் அழுக வைத்திருக்கிறேன். இந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "நேர்சரியில் வளர்ந்ததா?" என்று கேட்டால் போதாது. காட்டில் தோண்டியதை ஒரு பருவம் சட்டியில் வைத்துவிட்டும் ஆம் என்று சொல்லலாம். "விதையிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ நீங்களே பெருக்கியதா?" என்று கேளுங்கள். உண்மையில் பெருக்குகிறவர்கள் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். 2018 இல் நான் வாங்கியவர் அப்படித்தான், எந்த வருடம் விதைத்தது என்றுகூடச் சொன்னார். விலை முன்னையதைவிட நாலு மடங்கு. பத்து வாங்க ஆசை, ஐந்துதான் வாங்கினேன். சந்தோஷமாகக் கொடுத்த காசு.

அந்த ஐந்தும் வந்த விதமே வேறு. ஈரமான பீட் பாசிக்குள் பொதிந்து, அழுத்தினால் உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருந்தன. நுனியில் வெளிறிய கூர்முகை முழுதாக இருந்தது. வேரில் மோதிரம் மோதிரமாகச் சுருக்கம் இருந்ததைப் பார்த்துக் காய்ந்துவிட்டதோ என்று பயந்தேன். அது காய்ந்ததன் அடையாளம் அல்ல. அந்த வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கைத் தனக்கு வேண்டிய ஆழத்துக்குக் கீழே இழுத்துக்கொள்பவை. காய்ந்த கிழங்கு எடையே இல்லாமல் தக்கை போல இருக்கும். அழுகியதை மூக்கே சொல்லிவிடும்.

மண்ணுக்கு நான் ஒரு வருடம் முன்பிருந்தே ஆயத்தம் செய்திருந்தேன். ஸ்காபரோவில் எங்கள் பக்கம் களிமண். மழை பெய்தால் சப்பாத்தோடு ஒட்டி வரும், வெயிலடித்தால் ஓடு போல இறுகும். காட்டின் தரையோ வருடக்கணக்காகச் சருகு மக்கிய கறுப்பு மண், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அதை எங்கேயிருந்து எடுப்பது? இலையுதிர் காலத்தில் அயலவர்கள் சருகைக் கூட்டி, மாநகராட்சி எடுத்துப்போக, பெரிய கபிலக் கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பார்கள். கேட்டுவிட்டு இருபது பை தூக்கி வந்தேன். ஒரு வீட்டுக்காரர் தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். மேப்பிள் இலையை முழுசாகக் குவித்தால் அது அப்பளம் அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு காற்றே போகாது. புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் இரண்டு தடவை ஓட்டி நொறுக்கி, நனைத்து, வேலி மூலையில் குவித்துவிட்டேன். அடுத்த இலையுதிர் காலத்தில் அடியில் இருந்தது பாதி மக்கி, மழை மணத்தோடு இருந்தது. இதற்கு ஈடான பசளை கடையில் இல்லை. எலும்புத்தூள் போடச் சிலர் சொன்னார்கள். அந்த வாசத்துக்கு ரக்கூனும் ஸ்கங்கும் வந்து கிளறும் என்று விட்டுவிட்டேன்.

மரத்தடி என்பதால் மண்வெட்டியால் ஆழக் கொத்தவில்லை. மரத்தின் வேரை வெட்டினால் மரத்துக்கு நோவு. கையால் துழாவி, பெரிய வேர்களுக்கு இடையில் வெற்றிடம் கிடைத்த இடங்களில் மட்டும் களிமண்ணை உடைத்து, அதே அளவு இலைமக்கைக் கலந்தேன். தண்ணீர் தேங்காத, கொஞ்சம் சரிவான இடமாகப் பார்த்தேன்.

நட்டது செப்டெம்பர் கடைசியில். கிழங்கை இஞ்சி நடுவது போலப் படுக்கவைத்து, முகை மேலே பார்க்க, வேரைக் கீழே விரித்து, மேலே ஏழு எட்டு சென்ரிமீற்றர் மண் வருமாறு மூடினேன். ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளி. மேலே கொஞ்சம் ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை, இழுத்துக்கொள்ளும் வேர் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி, நொறுக்கிய சருகை நாலு விரல் உயரத்துக்குப் போர்த்தினேன். அணில்கள் தோண்டாமல் இருக்கக் கம்பி வலை ஒன்றைத் தரையோடு விரித்துக் கல் வைத்தேன். அதை ஏப்ரல் பிறந்தவுடன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முளை வலைக்குள் மாட்டும். சருகுப் போர்வையை எடுக்கத் தேவையில்லை, முளை அதைத் துளைத்துக்கொண்டு வரும். அந்தப் போர்வை இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மண் உறைந்தும் இளகியும் புதுக் கிழங்கை மேலே தள்ளிவிடும்.

2019 ஏப்ரல் கடைசியில் மூன்று வந்தன. சுருட்டிய குடை போல, செம்பச்சையாக. இரண்டு செடிகள் இலையோடு மட்டும் நின்றன, ஒன்று பூத்தது. நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் அந்தப் பூ நான் வளர்த்தது அல்ல. முகை நடுவதற்கு முன்பே கிழங்குக்குள் உருவாகியிருந்தது, பழைய சேமிப்பில் பூத்தது. அடுத்த வருடம் அதே செடி இலையோடு மட்டும் வந்தது. அப்படி வந்தால் மனம் உடையாதீர்கள், அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதல் வருடம் வராத இரண்டும் 2020 மே மாதம், ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம், ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

2021 இல் நாலு மொட்டுக் கட்டின. ஒரு காலை பார்த்தால் இரண்டு செடிக்குத் தலை இல்லை, ஈர்க்கு போலத் தண்டு மட்டும் நின்றது. பள்ளத்தாக்கிலிருந்து மான் வந்து போயிருந்தது. மானுக்கு ட்ரில்லியம் அல்வா மாதிரி. இதில்தான் இந்தச் செடியின் பலவீனம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே தண்டு, அதில் மூன்றே இலை. அது போனால் அந்த வருடம் திரும்பத் தளிர்க்காது, கிழங்குக்குச் சாப்பாடு இல்லை. காட்டில் இந்தப் பூவைப் பறிக்காதே என்று சொல்வதும் இதனால்தான். பூவைப் பறிக்கிறவர் பெரும்பாலும் இலையையும் சேர்த்துத்தான் பறிக்கிறார். இப்போது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கம்பி வலைக் கூடு போட்டு வைக்கிறேன். பார்க்க அழகில்லை, பழகிவிட்டது.

பூத்த பிறகு வருவதற்கும் பயப்படாமல் இருக்கப் பழக வேண்டும். வெள்ளை இதழ் முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். அது நோய் அல்ல, வயது. வெள்ளை இதழில் பச்சைக் கோடு ஓடினால் அதுதான் நோய். ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. வடிவாக இருக்கிறதே என்று அந்தக் கிழங்கை வாங்கி வராதீர்கள். பிறகு ஓகஸ்ட் அளவில் இலை மஞ்சளாகிச் சரிந்து, செடி இருந்த இடமே தெரியாது. அப்போது தண்ணீர் ஊற்றி எழுப்பப் பார்க்க வேண்டாம், அது உறங்குகிறது. நான் வெறுமையான இடத்துக்குப் பன்னமும் வைல்ட் ஜிஞ்சரும் வைத்திருக்கிறேன். வைல்ட் ஜிஞ்சரின் வேரைக் கசக்கினால் அசல் இஞ்சி வாசம். அம்மா தேநீருக்குப் போடலாமோ என்று கேட்டார். கூடவே கூடாது. அது ஆடுதீண்டாப்பாளையின் குடும்பம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதில் இருக்கிறது.

மண்புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் மண்புழு இருந்தால் மண் நல்லது என்று வளர்ந்தவள் நான். இங்கே கதை வேறு. பனியுகத்தில் பனிப்பாளம் மூடிக் கிடந்த இந்த நிலத்தில், அது விலகிய பின் மண்புழுவே இருக்கவில்லை. இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை பின்னால் வந்து குடியேறியவை. மேப்பிள் காடு மெதுவாக மக்கும் சருகுப் போர்வையோடு வளர்ந்த காடு, புழு அந்தப் போர்வையை வேகமாகத் தின்று தீர்த்துவிடுகிறது. ட்ரில்லியம் படுக்கைக்குப் புழு வாங்கிப் போடாதீர்கள். மீன்பிடிக்க வாங்கி மிஞ்சிய புழுவையும் வளவில் விடாதீர்கள். நான் வருடாவருடம் சருகைக் கூட்டாமல் விட்டு, மேலும் கொஞ்சம் போடுகிறேன்.

மான் விட்டுவைத்த இரண்டு பூவும் 2021 ஜூலையில் காய்த்துப் பழுத்தன. காய் வெடித்ததும் எறும்புகள் சாரை பிடித்து வந்தன. ஒவ்வொரு விதையிலும் கொழுப்புச் சத்துள்ள ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், அந்தத் துணுக்கைத் தின்றுவிட்டு விதையைக் குப்பைக்குள் எறியும். ட்ரில்லியம் இடம் பெயர்வது அப்படித்தான். அடுத்த வருடம் ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் கூடாது, முதல் வசந்தத்தில் அது வேர் மட்டும்தான் விடும். இரண்டு குளிர்காலம் கழித்து, 2023 மே மாதம், வேலியோரம் களை பிடுங்கக் குனிந்தேன். புல் போல ஒடுங்கிய சின்னச் சின்ன ஒற்றை இலைகள். பிடுங்கப் போன கையை அம்மா தடுத்தார். "பொறு பிள்ளை, இது புல்லில்ல."

நான் நட்ட இடத்திலிருந்து ஆறேழு அடி தள்ளி, எறும்பு தேர்ந்த இடம். அடுத்த வருடம் அவை அகன்ற ஒற்றை இலையோடு வந்தன. மூன்று இலை வர இன்னும் காலம் இருக்கிறது, பூக்க இன்னும் அதிகம். அம்மாவுக்கு இப்போது குனிய முடியாது. ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, பேரப்பிள்ளைகள் தின்று போட்ட ஐஸ்கிரீம் குச்சிகளை ஒவ்வொன்றாக என்னிடம் எடுத்துத் தருகிறார். நான் ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஊன்றுகிறேன். போன வசந்தத்தில் எண்ணிப் பார்த்தபோது பதினேழு குச்சிகள்.